கிழக்கு மாகாணம்: நடக்காமலே போன வாக்கெடுப்பு

போர் ஓய்ந்தபின் ஒரு பகுதி எவரோடு சேர வேண்டும் என்பதை அங்கு வாழ்வோரிடமே வாக்குச்சீட்டின் வழியாகக் கேட்டறியும் பொது வாக்கெடுப்பு முறை, முதல் உலகப் போருக்குப் பின் ஐரோப்பாவில் பல எல்லைப் பகுதிகளில் கையாளப்பட்டது. ஜெர்மனிக்கும் டென்மார்க்குக்கும் இடைப்பட்ட ஷ்லெஸ்விக்கில் 1920இல் வடக்கு மண்டலம் டென்மார்க்கையும் அதற்குத் தெற்கிலிருந்த மண்டலம் ஜெர்மனியையும் தேர்ந்தன. ஆனால் வடக்கு மண்டலம் முழுவதும் ஒரே அலகாக எண்ணப்பட்டதால், ஜெர்மனிக்கே பெரும்பான்மையாக வாக்களித்த டொண்டர்ன் நகரமும் டென்மார்க்கின் வசமாயிற்று. எந்த நிலப்பரப்பை ஓர் அலகாகக் கொள்வது, எவரை வாக்காளராக ஏற்பது என்பவற்றை முடிவு செய்பவர்களே பாதித் தீர்ப்பை முன்னதாக எழுதிவிடுகிறார்கள்.

தமிழருக்கு மிக அருகில் இம்முறை பேசப்பட்ட இடம் இலங்கையின் கிழக்கு மாகாணம். 1987 ஜூலை 29 அன்று இந்தியப் பிரதமர் ராஜீவ் காந்தியும் இலங்கைக் குடியரசுத் தலைவர் ஜெயவர்த்தனாவும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் வட, கிழக்கு மாகாணங்களைத் தற்காலிகமாக இணைத்து, அந்த இணைப்பு தொடர வேண்டுமா என்பதைக் கிழக்கு மக்கள் மட்டும் 1988 டிசம்பர் 31க்குள் சாதாரணப் பெரும்பான்மையால் முடிவு செய்ய வழிசெய்தது. ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு தமிழரும், மூன்றில் ஒரு பங்கு முஸ்லிம்களும், நான்கில் ஒரு பங்கு சிங்களவரும் வாழ்ந்த அம்மாகாணத்தில் எந்தச் சமூகமும் தனித்து வெல்ல முடியாது. முஸ்லிம்களின் முடிவே தராசைச் சாய்த்திருக்கும். இடம்பெயர்ந்தோருக்கும் வாக்குரிமை உண்டு என்று ஒப்பந்தம் கூறியது நியாயமே என்றாலும், ஊர் திரும்ப முடியாதவர்கள் எங்கே நின்று வாக்களிப்பது? வாக்கெடுப்பைத் தள்ளிவைக்கும் அதிகாரமும் அதே ஒப்பந்தத்தில் இலங்கைக் குடியரசுத் தலைவருக்கு வழங்கப்பட்டிருந்ததால், நாள் மீண்டும் மீண்டும் ஒத்திப்போடப்பட்டது.

இறுதியில் இணைப்பை முறித்தது வாக்காளர் அல்லர், நீதிமன்றம். போராளிக் குழுக்களின் ஆயுத ஒப்படைப்பு நிறைவேறினால்தான் மாகாணங்களை இணைக்கலாம் என்ற சட்ட நிபந்தனையை அவசரகால விதியால் தளர்த்தியது செல்லாது என்று 2006 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2007 முதல் கிழக்கு தனி மாகாணமாயிற்று.

புதுக்கோட்டை மாவட்டத்து ஜெகதாப்பட்டினத்திலிருந்து விசைப்படகுகள் செல்லும் பாக் நீரிணையில் இந்த முறை இன்னும் திணறும். 1974இல் இரு அரசுகள் வகுத்த கடல் எல்லையால் இலங்கைப் பக்கம் சேர்ந்த கச்சத்தீவில் நிலையான குடிகள் இல்லை. அந்த நீரை நம்பியிருப்போர் அனைவரும் இரு கரைகளிலும் வாழ்கின்றனர். கடலடியை அரித்துச் செல்லும் தமிழகப் படகுகளின் இழுவைமடி தங்கள் வலைகளையும் மீன்வளத்தையும் அழிப்பதாக முறையிடும் யாழ்ப்பாணத்து மீனவரும் தமிழரே என்பதால், அங்கு மொழியைக் கொண்டும் வாக்காளர் பட்டியலைப் பிரிக்க இயலாது.