அப்பத்தா கேட்ட டூ மார்க் கேள்வி!

ஏ.சி.ன்னா ஜில்லுனு காத்து வர்ற பெட்டி இல்லீங்க. டி.சி.ன்னா பிரின்சிபால் கையெழுத்துப் போட்டு நம்மள வீட்டுக்கு அனுப்புற பேப்பரும் இல்ல! இது ஸ்விட்சைத் தட்டினா வர்ற கரண்ட் பத்தின மேட்டர். ‘ஐயோ... ப்ளஸ் டூ ஃபிஸிக்ஸா!’னு பக்கத்தைத் திருப்பிடாதீங்க. எங்க அப்பத்தாவோட உயிர் சம்பந்தப்பட்ட கதை இது.

செமஸ்டர் லீவுக்கு ஊருக்குப் போயிருந்தேன். அதுக்கு ஒரு வாரம் முன்னாடிதான், ஈரக் கையோட கிரைண்டரைத் தொட்ட அப்பத்தாவுக்கு ஷாக் அடிச்சிருக்கு. கையை எடுக்கவே முடியலையாம். சித்தப்பா ஓடிப்போய் மெயின் ஸ்விட்சை ஆஃப் பண்ணதால பிழைச்சாங்க.

என்னைப் பார்த்ததும் கேட்டாங்க... “ஏஞ்சாமி, இன்வெர்ட்டர் பேட்டரியை உங்க சித்தப்பன் வெறுங்கையாலதான் தொடைக்கிறான். அது ஒண்ணும் பண்ணல. இந்தக் கிரைண்டர் மட்டும் ஏன் என்னைப் புடிச்சு வெச்சுக்கிச்சு? ரெண்டும் கரண்டுதானே?”

நான் ட்ரிபிள் ஈ மூணாவது வருஷம். கெத்தா, “அது ஏ.சி., இது டி.சி. அப்பத்தா”ன்னேன். “அப்படீன்னா?”ன்னாங்க. அவ்ளோதான், ஆள் அவுட்! பரீட்சையில சைன் வேவ் வரைஞ்சு ரெண்டு மார்க் வாங்கின எனக்கு, அப்பத்தாவுக்குப் புரியற மாதிரி ஒரு வரி சொல்ல வரல. ரெண்டு நாள் புஸ்தகத்தைப் புரட்டித்தான் பதில் பிடிச்சேன். அதை உங்களுக்கும் சொல்லிடறேன்.

ஆறும் ரம்பமும்

டி.சி., அதாவது நேர்திசை மின்னோட்டம், ஆறு மாதிரி. ஒரே பக்கமா ஓடும். டார்ச் செல், செல்போன் பேட்டரி, சோலார் பேனல் எல்லாம் கொடுக்கிறது இதைத்தான்.

ஏ.சி., அதாவது மாறுதிசை மின்னோட்டம், மரம் அறுக்கிற ரம்பம் மாதிரி. முன்னாடி போகும், பின்னாடி வரும். நம்ம வீட்டு சப்ளை 50 ஹெர்ட்ஸ். அப்படின்னா ஒரு செகண்டுக்கு 50 தடவை போய்ட்டு வருது. திசை மாறுறது மட்டும் 100 தடவை! பவர் ஹவுஸ்ல கிளம்பின எலெக்ட்ரான் நேரா உங்க ஃபேனுக்கு வருதுன்னு நினைச்சிருந்தா, மறந்துடுங்க. அது இருக்கிற இடத்துலயேதான் ஆடிட்டு இருக்கு. ரம்பம் எங்கேயும் போறதில்ல. ஆனா மரம் அறுபடுதில்ல? அதே கதைதான்.

இன்னொரு ரகசியம். வீட்டுல 230 வோல்ட்டுன்னு சொல்றோமே, அது ஒரு மாதிரி சராசரிக் கணக்கு. 230 வோல்ட் டி.சி. கொடுத்தா ஹீட்டர் எவ்வளவு சூடாகுமோ அவ்வளவு சூடு தர்ற ஏ.சி.னு அர்த்தம். உச்சத்துல அது 325 வோல்ட் வரைக்கும் எகிறிட்டுத்தான் இறங்குது.

எடிசன் ஏன் தோத்தார்?

1882-ல நியூயார்க்கோட பேர்ல் ஸ்ட்ரீட்ல எடிசன் ஆரம்பிச்ச பவர் ஸ்டேஷன் கொடுத்தது டி.சி.தான். ஆனா சுமார் ஒரு மைல் தாண்டினாலே பல்பு டல்லடிக்க ஆரம்பிச்சுடும். ஏன்? ஒயர்ல வீணாகிற சக்தி, கரண்டோட வர்க்கத்தைப் பொறுத்தது.

ஒரு கணக்குப் போடுவோம். ஒரு ஓம் ரெசிஸ்டன்ஸ் உள்ள லைன்ல 10 கிலோவாட் அனுப்பணும். 230 வோல்ட்ல அனுப்பினா சுமார் 43 ஆம்பியர் ஓடும். 1,900 வாட்ஸுக்குப் பக்கமா ஒயரே சூடாகித் தின்னுடும். அதே பவரை 11,000 வோல்ட்ல அனுப்பினா? நஷ்டம் ஒரு வாட்கூட இல்ல!

ஆக, வோல்டேஜை ஏத்தி அனுப்பணும், வீட்டு வாசல்ல இறக்கிக் கொடுக்கணும். இதைச் சுலபமா செய்யறது நம்ம தெருமுனை டிரான்ஸ்ஃபார்மர். அதுக்கோ ஏ.சி. மட்டும்தான் ஆகும். 1888-ல டெஸ்லாவோட பேடன்ட்டுகளை வெஸ்டிங்ஹவுஸ் வாங்கினார். 1896-ல நயாகரா அருவியில இருந்து பஃபலோ நகரத்துக்கு ஏ.சி. போய்ச் சேர்ந்துச்சு. நம்ம பக்கத்துலயும் 1902-லயே சிவசமுத்திரத்துல காவிரித் தண்ணியில எடுத்த ஏ.சி., 140 கிலோமீட்டருக்கு மேல பயணம் பண்ணி கோலார் தங்கச் சுரங்கத்துக்குப் போயிருக்கு. எடிசன் சைடு க்ளோஸ்!

கிரைண்டர் ஏன் விடல?

இப்போ அப்பத்தா கேள்விக்கு வருவோம். பேட்டரி ஷாக் அடிக்காததுக்குக் காரணம் அது டி.சி.ங்கறது இல்ல. அது வெறும் 12 வோல்ட்டுங்கறதுதான்! நம்ம தோலைத் தாண்டி ஆபத்தான அளவு கரண்டைத் தள்ள அதுக்குத் தெம்பில்ல. கிரைண்டர்ல இருந்தது 230 வோல்ட். கை வேற ஈரம்.

சரி, கையை ஏன் எடுக்க முடியல? நம்ம தசைகள் நரம்புல வர்ற சின்ன மின் சிக்னலுக்குத்தான் அசையும். 50 ஹெர்ட்ஸ் ஏ.சி. உள்ள புகுந்தா தசை திரும்பத் திரும்பத் தூண்டப்பட்டு இறுகிடும். சுமார் 10 மில்லிஆம்பியர் தாண்டினாலே, பிடிச்ச கையை விட நம்மாலேயே முடியாது. இன்னும் ஏறினா இதயத்தோட தாளமே தப்பிடும். அதே அளவு டி.சி. பாய்ஞ்சா, பெரும்பாலும் தொடும்போதும் விடும்போதும் ஒரு உதறல்தான்.

அதுக்காக ‘டி.சி. சேஃப்டா மச்சி’ன்னு கிளம்பிடாதீங்க. அந்த 12 வோல்ட் பேட்டரியோட ரெண்டு முனையிலயும் ஒரு ஸ்பேனர் பட்டா, நூத்துக்கணக்கான ஆம்பியர் பாய்ஞ்சு கை வெந்துடும். மொட்டை மாடியில வரிசையா இணைச்ச சோலார் பேனல்கள் சில நூறு வோல்ட் டி.சி. தரும். அங்கே சாதாரண ஏ.சி. ஸ்விட்சை மாட்டவே கூடாது. ஏ.சி. செகண்டுக்கு 100 தடவை ஜீரோவைத் தொடுறதால ஸ்விட்ச்ல வர்ற தீப்பொறி தானா அணைஞ்சிடும். டி.சி.க்கு ஜீரோவே கிடையாது. பொறி எரிஞ்சுக்கிட்டே இருக்கும்!

டி.சி. ரிட்டர்ன்ஸ்!

காமெடி என்னன்னா, தோத்துப்போன டி.சி. நம்ம வீட்டுக்குள்ள சத்தமில்லாம நுழைஞ்சாச்சு. செல்போன், லேப்டாப், எல்.இ.டி. பல்பு, டி.வி. எல்லாம் உள்ளுக்குள்ள டி.சி.லதான் ஓடுது. சார்ஜர் தொட்டா சுடுதே, அது ஏ.சி.யை டி.சி.யா மாத்துறப்போ வீணாகிற சக்தி.

சாதாரண ஃபேன் மட்டும் இன்னும் ஏ.சி. கட்சி. அதுக்காகத்தான் பேட்டரிக்கும் ஃபேனுக்கும் நடுவுல இன்வெர்ட்டர்னு ஒரு பெட்டி. புதுசா வர்ற பி.எல்.டி.சி. ஃபேனோ, ஏ.சி.யை வாங்கி உள்ளேயே டி.சி.யா மாத்திக்கும். பழைய ஃபேன் சுமார் 75 வாட்ஸ் குடிக்கும்னா இதுக்கு 30 போதும். தினம் 15 மணி நேரம் ஓடினா மாசம் 20 யூனிட் மிச்சம்!

லாங் டிஸ்டன்ஸ்லயும் டி.சி. பழிவாங்கிடுச்சு. சத்தீஸ்கரோட ராய்கர்ல இருந்து நம்ம புகளூருக்கு 1,765 கிலோமீட்டர் வர்ற லைன் 800 கிலோவோல்ட் டி.சி.! பவர் எலெக்ட்ரானிக்ஸ் வளர்ந்ததால, டி.சி. வோல்டேஜையும் இப்போ ஏத்தி இறக்க முடியுது. எடிசன் சிரிச்சிருப்பார்.

அந்தக் குட்டி பட்டன்

என் பதிலை எல்லாம் கேட்டுட்டு அப்பத்தா சொன்னது ஒண்ணே ஒண்ணுதான். “சரி கண்ணு, மறுபடி புடிச்சா விட வைக்க வழி இருக்கா?”

இருக்கு. ஆர்.சி.சி.பி.! ஃபேஸ்ல போன கரண்டும் நியூட்ரல்ல திரும்பி வர்ற கரண்டும் சமமானு அது பார்த்துட்டே இருக்கும். 30 மில்லிஆம்பியர் வித்தியாசம் வந்தா, ‘ஆஹா, யார் உடம்பு வழியாவோ பூமிக்குப் போகுது’ன்னு கண் இமைக்கிற நேரத்துல கட் பண்ணிடும். ஆனா ஒரு கையில ஃபேஸ், ஒரு கையில நியூட்ரல்னு பிடிச்சா அதுக்குத் தெரியாது. உஷார்!

எலெக்ட்ரீஷியனை வரவழைச்சு ஆர்.சி.சி.பி. மாட்டி, கிரைண்டருக்கு எர்த்தும் சரி பண்ணியாச்சு. உங்க வீட்டுல இருக்கா? இருந்தா அதுல ‘டி’ன்னு ஒரு குட்டி பட்டன் இருக்கும். அமுக்கிப் பாருங்க. ‘டப்’புனு விழுந்தா நல்லது. விழலைன்னா உடனே எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்க. யாருக்காவது ஷாக் அடிச்சா அவங்களைத் தொட்டு இழுக்காதீங்க, முதல்ல மெயினை ஆஃப் பண்ணுங்க.

எங்க வீட்டுல அந்த பட்டனை மாசம் ஒரு தடவை அமுக்குறது அப்பத்தாவோட டூட்டி. ‘டப்’புனு விழுந்ததும் எனக்கு போன் வரும்... “கண்ணு, பாஸு!”