பாட்டு நூல்களின் மின்னிலக்கமாக்கமும் நூலக இசை நிகழ்ச்சிகளும்

இன்றைய பொது நூலகம் இரு வேறு பணிகளை அருகருகே ஆற்றி வருகின்றது. பழைய நூல்களை மின்னிலக்க வடிவில் பாதுகாப்பது ஒன்று. இசை, உரை, கதைசொல்லல் முதலிய நிகழ்ச்சிகளை நடத்துவது மற்றொன்று. சிங்கப்பூரில் 2002ஆம் ஆண்டு நிகழ்கலைகளுக்கென்றே எஸ்பிளனேட் நூலகம் திறக்கப்பட்டமை இங்கு நினைக்கத்தக்கது. முன்னதைப் புலமைப் பணி என்றும் பின்னதைப் பொழுதுபோக்கு என்றும் பிரித்துக் காணும் போக்கு நம்மிடையே உண்டு. தமிழ்ப் பாட்டு நூல்களைப் பொறுத்தவரை இப்பிரிவு பொருந்தாது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மின்னிலக்கமாக்கத்தில் இப்பகுதித் தமிழர் கண்ட பயன் சிறிதன்று. சிங்கப்பூரின் பொன்விழா ஆண்டான 2015இல், அதற்கு முந்தைய 50 ஆண்டுகளில் அங்கு வெளிவந்த ஏறத்தாழ 350 தமிழ் இலக்கிய நூல்கள், சமூகத்தினரின் முயற்சியாலும் தேசிய நூலக வாரியத்தின் துணையாலும் மின்னிலக்க வடிவம் பெற்றன. பின்னர் அப்பணி நாடகம், நடனம், இசை ஆகிய துறைகளுக்கும் விரிந்தது.

எனினும், ஒரு நூலை மின்னிலக்கமாக்குவது ஒரே செயலன்று. அதில் பல படிகள் உள்ளன. முதற்படி, பக்கங்களைப் படிமமாக எடுப்பது. இதனால் நூலைப் பார்க்கலாம். அதனுள் ஒரு சொல்லைத் தேட இயலாது. அடுத்த படி, படிமத்திலுள்ள எழுத்துகளைக் கணினி அறியுமாறு செய்வது. தமிழ்நாட்டில் 1978இல் எழுத்துச் சீர்திருத்தம் ஏற்கப்படுவதற்கு முன் அச்சான நூல்களில் ணா, றா, னா, லை, ளை முதலியவை வேறு வடிவில் உள்ளமையால், இன்றைய வடிவங்களை மட்டுமே பயின்ற மென்பொருள் அவற்றைப் பிழையாக வாசிக்கும். ஆயினும் இவ்விரு சிக்கல்களும் உழைப்பாலும் பொருளாலும் தீரக்கூடியவை.

பாட்டு நூல்களில் மூன்றாவது சிக்கல் ஒன்று உண்டு. சிந்து, கும்மி, கீர்த்தனை, லாவணி ஆகியவை பாடுவதற்கென்று எழுந்தவை. சிங்கப்பூரில் 1893இல் வெளிவந்த ‘குதிரைப் பந்தய லாவணி’ இவ்வகையைச் சார்ந்தது. லாவணி என்பது தஞ்சைப் பகுதியில் காமன் பண்டிகையின்போது எரிந்த கட்சி, எரியாத கட்சி என இரு தரப்பினர் எதிரெதிர் நின்று பாடிய வடிவமாகும். இத்தகைய நூல்களுள் பலவற்றில் சுரக்குறிப்பு இராது. இன்ன பாட்டின் மெட்டு என்னும் ஒரு வரிக் குறிப்பே பாட்டின் தலைப்பில் அமைந்திருக்கும். அன்றைய வாசகருக்கு அதுவே போதுமானதாக இருந்தது. அந்த மூலப் பாட்டை அறிந்தவர் இல்லாதபோது, எத்துணைத் தெளிவான படிமமும் சொற்களையே தரும், பாட்டைத் தராது.

இங்குதான் நூலகத்தின் இசை நிகழ்ச்சி ஆய்வுக் கருவியாகின்றது. மின்னிலக்கமாக்கவிருக்கும் நூலிலிருந்து ஐந்தாறு பாடல்களைப் பெரிய எழுத்தில் அச்சிட்டு, தோட்டப்புறங்களிலும் கோயில் பசனைகளிலும் நாடகக் குழுக்களிலும் பாடிப் பழகிய முதியோரை அழைக்கலாம். அவர்களின் இசைவுடன் பாடலை ஒலிப்பதிவு செய்து, எங்கு, எப்போது, யாரிடம் கற்றனர் என்பதையும் குறித்துக்கொள்ளலாம். ஒரு பாட்டுக்கு இருவர் இரு மெட்டுகளைப் பாடின், சரியானது எதுவெனத் தீர்ப்பளியாமல் இரண்டையும் பதிவு செய்தல் வேண்டும். பயிற்சி பெற்ற பாடகர் புதிதாக இராகம் அமைத்துப் பாடினால், அது புதிய அமைப்பு எனத் தனியே குறிக்கப்பட வேண்டும். இன்றேல் பின்வருவோர் அதனையே மரபு எனக் கொள்வர். இறுதியாக, ஒலிப்பதிவை நூலின் பட்டியற் பதிவோடு இணைத்தால், படிமத்தைத் திறப்பவர் பாட்டையும் கேட்க இயலும்.

இம்முயற்சிக்குப் பெருநிதி தேவையில்லை. தமிழாசிரியர்கள் தத்தம் மாணவர்க்கு ஒரு பருவத்தின் களப்பணியாகவே இதனை அளிக்கலாம். ஆனால் பணிகளின் வரிசையை நாம் மாற்றியாக வேண்டும். நல்ல நிலையிலுள்ள நூலை அடுத்த ஆண்டும் படிமம் எடுக்கலாம். எண்பது வயதைக் கடந்த பாடகரிடம் மெட்டைக் கேட்பதை அவ்வாறு ஒத்திவைத்தல் இயலாது. ஆகவே, பாட்டு நூல்களைப் பொறுத்தவரை ஒலிப்பதிவே முதலில் நிகழவேண்டும் என்பது நம் கருத்தாகும்.