கவலையும் தேகப் பயிற்சியும்

கவலை என்பது நம் காலத்தின் பெரும் பிணியாகிவிட்டது. வேலை கிடையாத வாலிபன், கடன்பட்ட விவசாயி, பரீட்சையை எதிர்நோக்கும் மாணவன், இரவு பகலாய் அலையும் பொதுஜன ஊழியன் ஆகிய யாவரையும் அது பிடித்து ஆட்டுகிறது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையில் தாமிரவருணி கரை புரண்டு வீடுகளையும் வயல்களையும் பாழாக்கியதைக் கண்ட திருநெல்வேலிச் சீமையாருக்குக் கவலை இன்னதென்று நாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. கவலைக்குக் காரணமான குறைகளைப் போக்குவது அரசியலின் வேலை. ஆனால் அவ்வேலைக்கு முன்வருகிறவனே கவலையால் நைந்து போவானாகில், குறைகளைப் போக்குவார் யார்? ஆகையால், காசில்லாமல் கிடைக்கும் ஒரு மருந்தைப் பற்றி இன்று சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறோம். நாள்தோறும் செய்யும் தேகப் பயிற்சியே அம்மருந்து.

மனத்தின் நோய்க்கு உடலை அசைப்பதால் என்ன பயன் என்று சிலர் கேட்கக்கூடும். மனம் படும் பாட்டை உடலும் படுகிறது என்பதே அதற்கு விடை. பலவகைத் துன்பங்களுக்கும் உடல் ஏறக்குறைய ஒரே விதமாய் மாறுதலடைவதை எலிகளிடத்துக் கண்டு, ஹான்ஸ் ஸெல்யே என்னும் அறிஞர் 1936-ல் வெளியிட்டார். கவலை நேர்ந்தவுடன், சிறுநீரகங்களின் மேலுள்ள சுரப்பிகள் அட்ரினலின், கார்ட்டிசால் என்னும் ரசங்களை இரத்தத்தில் கலக்கின்றன. ஹிருதயம் விரைந்து துடிக்கிறது, இரத்தத்தில் சர்க்கரை ஏறுகிறது, தசைகள் முறுக்கேறுகின்றன. எதிர்த்து நிற்பதற்கோ, ஓடித் தப்புவதற்கோ இயற்கை செய்யும் ஆயத்தம் இது. பொதிகைச் சாரலில் புலியைக் கண்டவன் ஓடினான். ஆயத்தம் அதிலேயே செலவாயிற்று. கடன்காரனுடைய நோட்டீஸைக் கண்டவனோ உட்கார்ந்த இடத்திலேயே இருக்கிறான். செலவாகாத அவ்வேகம் உறக்கத்தைக் கெடுக்கிறது; சினத்தை வளர்க்கிறது; நாளடைவில் இரத்த அழுத்தத்திற்கும் துணை செய்கிறது.

விரைந்து நடப்பவனும் நீந்துபவனும் இவ்வேகத்தை அதற்குரிய வழியிலேயே கழித்துவிடுகிறார்கள். தசை தளர்கிறது, உறக்கம் ஆழ்கிறது. பழகிய உடல் சிறு அதிர்ச்சிக்கெல்லாம் பதறுவதில்லை. வயது வந்தோர் வாரத்தில் 150 முதல் 300 நிமிஷம் வரை மிதமான பயிற்சி செய்ய வேண்டுமென்று உலக சுகாதார ஸ்தாபனம் 2020-ல் அறிவித்தது. நாளொன்றுக்கு அரை மணி நேரம், வாரத்தில் ஐந்து நாள் நடந்தாலே 150 நிமிஷம் ஆகிவிடும். இருதய நோயுள்ளவர்கள் வைத்தியரைக் கேட்டே தொடங்க வேண்டும். மனச்சோர்வு முற்றியவர்களுக்கு நடை மட்டும் போதாது. அவர்கள் வைத்திய உதவியை நாடுவதில் வெட்கம் வேண்டியதில்லை.

உழைப்பாளிக்குப் பயிற்சி எதற்கு என்பாரும் உளர். கோயமுத்தூர்ச் சிறையில் வ. உ. சிதம்பரம் பிள்ளை செக்கிழுத்தாரே, அதைத் தேகப் பயிற்சி என்று சொல்ல எவர் துணிவர்? தானே விரும்பிச் செய்வது வேறு; வயிற்றுக்காகவோ தண்டனைக்காகவோ செய்வது வேறு. முக்கூடல், மேலப்பாளையம் முதலிய ஊர்களில் பொழுதெல்லாம் குனிந்தமர்ந்து பீடி சுற்றும் பெண்களுக்கு முதுகு வலிக்கிறது, மனம் இலேசாவதில்லை. அவர்களுக்கு நாம் உபதேசம் செய்வதற்கு முன், நியாயமான கூலியும் ஓய்வு நேரமும் கிடைக்க வழி தேட வேண்டும்.

இனி, நம் சீமைக்கு இயற்கை தந்த பயிற்சிச் சாலையைப் பாருங்கள். பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடல் சேரும் தாமிரவருணியே அது. குறுக்குத்துறையிலும் சிந்துபூந்துறையிலும் விடியற்காலையில் நடந்து போய், நீந்தி, ஈர வேஷ்டியுடன் திரும்பிய தலைமுறைக்கு வேறு பயிற்சிச் சாலை தேவைப்படவில்லை. இன்றோ நகரத்துச் சாக்கடைகள் அந்நதியில் வந்து விழுகின்றன. மதுரை உயர் நீதிமன்றக் கிளையின் நீதிபதிகளே 2024-ல் நேரில் வந்து ஆற்றைப் பார்வையிட நேர்ந்தது. சாக்கடை கலந்த நீரில் இறங்கி நீந்து என்று பிள்ளையிடம் எந்தத் தகப்பன் சொல்வான்? நதியைச் சுத்தமாக வைப்பது குடிநீரைப் பற்றிய விஷயம் மட்டுமன்று. ஜனங்களின் மன நலத்தைப் பற்றிய விஷயமுமாகும். மாநகராட்சியும் அரசாங்கமும் இதை உணர வேண்டும். உணரும்படி செய்வது ஜனங்களின் கடமை.

முடிவாக, பொதுஜன ஊழியர்களுக்கு ஒரு வார்த்தை. கூட்டமும் விவாதமும் நள்ளிரவு வரை நீள்வதே தொண்டு என்று கருதி, உடலை அசட்டை செய்வது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. சிதம்பரம் பிள்ளை இளமையில் சிலம்பமும் நீச்சலும் பழகியவர். அன்றாடம் நடந்து பழகிய கால்களைக் கொண்டே காந்தியடிகள் 1930-ல், அறுபது வயதில், தண்டிக்கு ஏறக்குறைய 240 மைல் நடந்தார். நடைக்கு நேரமில்லை என்று நமது தொண்டர்கள் சொல்வதை இவ்விருவரும் ஒப்பியிரார். ஒவ்வொரு வார்டிலும் பத்துப் பேர் சேர்ந்து நாளை விடியற்காலை ஆற்றங்கரை வரை நடந்து வரட்டும். கவலை குறையும், சாக்கடை எங்கே விழுகிறதென்பதும் கண்ணுக்குத் தெரியும். இரண்டும் ஊருக்கு நன்மையே.