நீங்கள் எத்தனை எம்.பி.?

டெல்லிக்குப் போகிற எம்.பி. இல்லை, ஸார். மெகாபைட். செல்போனில் சினிமா டவுன்லோடு பண்ணும்போது '1.4 ஜி.பி.' என்று பயமுறுத்துகிறதே, அந்தக் கணக்கு. ஒரு மனுஷனை உண்டாக்கும் குறிப்பு முழுக்க டி.என்.ஏ.வில் எழுதியிருக்கிறது என்கிறார்கள். அப்படியானால் அந்த ஃபைல் எவ்வளவு பெரிசு?

பி.காம். படித்தவனே போட்டுவிடக்கூடிய கணக்குதான். டி.என்.ஏ. பாஷையில் எழுத்து நாலே நாலு: ஏ, சி, ஜி, டி. (தமிழுக்கு 247!) கம்ப்யூட்டருக்குத் தெரிந்ததோ பூஜ்யமும் ஒன்றும். நாலு எழுத்தைக் குறிக்க ஆளுக்கு இரண்டு பிட் போதும். ஏ-க்கு 00, சி-க்கு 01, ஜி-க்கு 10, டி-க்கு 11. மனித டி.என்.ஏ.வின் ஒரு முழுப் பிரதியில் சுமார் 310 கோடி எழுத்து. இரண்டால் பெருக்கினால் 620 கோடி பிட். எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட். வகுத்துப் பாருங்கள்... 77.5 கோடி பைட். அதாவது 775 எம்.பி.

அவ்வளவுதான் நீங்கள்! அந்தக் காலத்து சி.டி.யில் 700 எம்.பி. பிடிக்கும். கொஞ்சமாய்ப் பிதுங்கியிருப்பீர்கள்.

'டி.என்.ஏ. இரட்டை ஏணியாச்சே, ரெண்டால பெருக்க வேண்டாமா?' என்று ஆடிட்டர் ஆபீஸ் நண்பர் யாராவது மடக்கலாம். வேண்டாம். அவர் பாஷையிலேயே சொன்னால், டபுள் என்ட்ரி. இந்தப் பக்கம் ஏ என்றால் எதிர்ப்பக்கம் டி. இந்தப் பக்கம் சி என்றால் எதிரே ஜி. பற்றைப் பார்த்தே வரவை எழுதிவிடலாம். புதுச் சமாசாரம் எதுவும் இல்லை. அப்பா கொடுத்தது ஒன்று, அம்மா கொடுத்தது ஒன்று என்று இரண்டு பிரதி இருப்பது வாஸ்தவம். ஆனால் அவை இரண்டும் ஏறக்குறைய ஆயிரம் எழுத்துக்கு ஓர் எழுத்துதான் வேறுபடும்.

சைஸை வைத்துப் பெருமைப்படவும் வழியில்லை. வெங்காயத்துக்கு சுமார் 1,600 கோடி எழுத்து - நாலு ஜி.பி. உரிக்கும்போது அழ இன்னொரு காரணம். நியூ கலிடோனியா தீவில் உள்ள ஒரு சின்னப் பெரணிச் செடியை 2024-ல் அளந்து சொன்னார்கள்: 16,000 கோடி எழுத்து, 40 ஜி.பி.! அத்தனையையும் வைத்துக்கொண்டு அது மரத்தில் தொற்றிக்கொண்டு சும்மா இருக்கிறது.

நம் 775-லும் புரோட்டீன் தயாரிக்கும் குறிப்பு என்று பார்த்தால் ஒன்றரை சதவீதம்தான். சுமார் 12 எம்.பி. - செல்போனில் எடுத்த மூணு நாலு போட்டோ. எந்த ஜீன் எப்போது வேலை செய்ய வேண்டும் என்கிற சுவிட்சுகள் மீதியில் இருக்கின்றன. ஆனால் மொத்தத்தில் பாதிக்கு, சொன்னதையே திரும்பச் சொல்லும் கதைதான். 'ஆலு' என்று ஒரு துண்டு (உருளைக்கிழங்கு இல்லை). 300 எழுத்து நீளம். பத்து லட்சம் இடங்களுக்கு மேல் உட்கார்ந்திருக்கிறது. இவ்வளவு ரிப்பீட் இருந்தால் ஜிப் பண்ணினதும் சுண்டிப்போக வேண்டுமே? போகாது. கோடிக்கணக்கான வருஷங்களாக ஜெராக்ஸை ஜெராக்ஸ் எடுத்ததில் ஒவ்வொரு காப்பியிலும் தனித்தனி எழுத்துப்பிழை.

சுருக்க வேறொரு வழி உண்டு. ஆபீஸில் புது அக்ரிமென்ட்டை முழுசாக அனுப்பாமல், 'பழையதில் மூன்றாவது வரியை மட்டும் இப்படி மாற்றிக்கொள்ளவும்' என்று எழுதுவோமே, அது. பொதுவான ஒரு மனித டி.என்.ஏ. இரண்டு தரப்பிலும் இருந்தால், வித்தியாசங்களை மட்டும் அனுப்பினால் போதும். 1953-ல் டி.என்.ஏ.வின் வடிவத்தைச் சொன்ன இருவரில் ஒருவரான ஜேம்ஸ் வாட்ஸனின் டி.என்.ஏ.வை 2009-ல் இப்படிச் சுருக்கிக் காட்டினார்கள். வெறும் நாலு எம்.பி. ஈமெயிலில் இணைத்து அனுப்பிவிடலாம்.

நாலு எம்.பி.யே அதிகம் என்று சொல்லவைக்கும் கேஸ் ஒன்று இருக்கிறது. 11-வது குரோமோசோமில் ஹீமோகுளோபின் ஜீன் ஒன்றில், ஏ இருக்க வேண்டிய ஓர் இடத்தில் டி. அதாவது 00 இருக்க வேண்டிய இடத்தில் 11. இரண்டு பிட். கால் பைட்! அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் இந்தப் பிழை வந்துவிட்டால் சிக்கிள் செல் அனீமியா. வட்டமான சிவப்பணு அரிவாள் மாதிரி வளைந்து, சின்ன ரத்தக்குழாய்களில் அடைத்துக்கொள்ளும். வலி உயிரை எடுக்கும். சில பேருக்கு நிஜமாகவே. இந்தியாவில் இதை முதலில் கண்டுபிடித்தது 1952-ல், நம்ம நீலகிரி மலைவாழ் மக்களிடம்.

2023-ல் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் இதற்கு ஜீன் சிகிச்சை ஒன்றை அனுமதித்தார்கள். வேடிக்கை என்னவென்றால், அது அந்தத் தப்பு எழுத்தைத் திருத்துவதில்லை. கருவில் இருக்கும்போது நமக்கு வேறொரு ஹீமோகுளோபின் உண்டு. பிறந்த பிறகு அதை நிறுத்திவைக்கிற சுவிட்சை இந்தச் சிகிச்சை கெடுத்துவிடுகிறது. பழைய சரக்கு மறுபடி வர ஆரம்பிக்கிறது. ஸாஃப்ட்வேர் கம்பெனிக்காரர்கள் தினம் செய்கிற வேலைதான் - பிழையைத் தொடாமல் சுற்றுவழி. அமெரிக்காவில் அறிவித்த விலை 22 லட்சம் டாலர். அன்றைய மதிப்பில் 18 கோடி ரூபாய்!

நமக்குக் கட்டுப்படியாகிற வழி ரத்தப் பரிசோதனை. பிழை ஒரு பிரதியில் மட்டும் இருந்தால் பொதுவாக ஒன்றும் தெரியாது. ஆசாமி ஜம்மென்று நடமாடுவார். அப்படி இரண்டு பேர் கல்யாணம் பண்ணிக்கொண்டால்தான் ஒவ்வொரு குழந்தைக்கும் நாலில் ஒரு பங்கு அபாயம். மத்திய அரசு 2023 ஜூலையில் ஆரம்பித்த திட்டத்தில், இந்த நோய் அதிகமுள்ள பழங்குடிப் பகுதிகளில் ஏழு கோடி பேரைச் சோதித்து அட்டை கொடுப்பதாக ஏற்பாடு. கல்யாணம் நிச்சயம் பண்ணுமுன் பையன் அட்டையையும் பெண் அட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.