ஜப்பானிய மொழியில் மிகுதிச் சொற்கள்

தமிழில் 'மிக', 'மிகவும்' என்று வரும் இடங்களில் ஜப்பானிய மொழியில் தொத்தெமோ, சுகொக்கு, ஹிஜோ நி, தைஹென், கனரி முதலிய பல வினையடைகள் வழங்குகின்றன. அகராதி இவற்றுக்கு ஏறத்தாழ ஒரே பொருளைத் தந்தாலும், இவை எல்லா இடத்திலும் ஒன்றுக்கொன்று மாற்றாக வாரா.

தொத்தெமோ

பேச்சு, எழுத்து இரண்டுக்கும் பொருந்தும் பொதுச்சொல். 'தொத்தெமோ ஸமுய்' என்றால் 'மிகவும் குளிர்கிறது'. முற்காலத்தில் இது பெரும்பாலும் எதிர்மறைப் பொருளுடனேயே வந்தது. இன்றும் 'தொத்தெமோ முரி' என்றால் 'முடியவே முடியாது' என்று பொருள்.

சுகொக்கு

'சுகொய்' என்னும் பெயரடையிலிருந்து வந்தது. அதன் பழைய பொருள் 'அச்சம் தரும்' என்பது. தமிழ்ப் பேச்சில் 'பயங்கரமா நல்லாயிருக்கு' என்கிறோமே, அதைப் போன்றது. நண்பர்களிடம் இயல்பாக ஒலிக்கும். அலுவலகக் கடிதத்துக்குப் பொருந்தாது. இளைஞர் பேச்சில் 'ச்சோ', 'மெச்சா' ஆகியனவும் வழங்குகின்றன. மெச்சா ஒசாக்கா வட்டாரத்திலிருந்து பரவிய சொல்.

ஹிஜோ நி, தைஹென்

'ஹிஜோ' என்பதன் நேர்ப்பொருள் 'வழக்கத்துக்கு மாறானது'. அவசர வழிக்கு 'ஹிஜோகுச்சி' என்று பெயர். 'ஹிஜோ நி' செய்தி, அறிக்கை, சொற்பொழிவு ஆகியவற்றுக்கு உரியது. 'தைஹென்' பணிவு மிக்கது. வாடிக்கையாளரிடம் மன்னிப்புக் கேட்கும்போது 'தைஹென் மோஷிவக்கெ கொஸாய்மஸென்' என்பர். அங்கே சுகொக்கு என்று சொன்னால், வருத்தம் உண்மையாக இருந்தாலும் விளையாட்டாகத் தோன்றும். தைஹென் தனித்து வந்தால் 'பெரும் சிரமம்' என்றும் பொருள்படும்.

கனரி

இது 'மிகவும்' அன்று. 'எதிர்பார்த்ததைவிடக் கூடுதலாக', 'கணிசமாக' என்பதே பொருள். விருந்தளித்தவரிடம் உணவு 'கனரி' சுவை என்றால், 'பரவாயில்லை, இவ்வளவு நன்றாக இருக்குமென நினைக்கவில்லை' என்ற தொனி வந்துவிடும். பாராட்ட நினைத்தவர் மனத்தைப் புண்படுத்திவிடுவார். அங்கே தொத்தெமோ என்பதே சரி.

எதிர்மறையில்

'அவ்வளவாகக் குளிரவில்லை' என்பதற்கு 'தொத்தெமோ ஸமுக்குனை' என்பது மாணவர் பலர் செய்யும் பிழை. 'அமரி ஸமுக்குனை' என்பதே வழக்கு.

தேர்ந்தெடுக்கும் முறை

எவ்வளவு மிகுதி என்று பார்ப்பதற்கு முன், யாரிடம், எந்தச் சூழலில் பேசுகிறோம் என்று பார்க்க வேண்டும். ஐயம் எழுந்தால் தொத்தெமோ பெரும்பாலும் பாதுகாப்பானது. மற்றவற்றைத் தனிச்சொல்லாக மனப்பாடம் செய்யாமல், முழு வாக்கியமாகப் பழகுவது நல்லது.