இசையிலும் திசைச்சொல் உண்டு

செய்யுளுக்குரிய சொற்களை இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என நான்காக வகுத்தார் தொல்காப்பியர். அயல்நிலத்துச் சொல்லுக்கும் இடமளித்த அப்பெருந்தகைமையை ஆண்டுதோறும் மாணவர்க்கு எடுத்துரைத்து வருகிறேன். ஆயினும், அதனை இசைக்கும் பொருத்திப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன், கஹவத்தைத் தோட்டத்து மாணவன் ஒருவன், தப்போசையோடு கிற்றாரையும் கூட்டி, பைலா மெட்டில் தமிழ்ப் பாட்டொன்று அமைத்து வந்தான். "கலப்படம் மேடைக்கு ஆகாது" என்று தடுத்துவிட்டேன். "ஐயா, ஜிப்சீஸ் செய்ததை நாங்கள் செய்யக்கூடாதா?" என்று கேட்டு, விடைபெறாமலே போய்விட்டான்.

அவ்வினா என்னை விடவில்லை. ஜிப்சீஸ் குழுவினரின் வரலாற்றை நாடினேன். 1970இல் மொறட்டுவையில் அன்டன் பெரேரா தம் மைந்தரைக் கொண்டு தொடங்கிய குழு அது. மைந்தருள் ஒருவரான சுனில் பெரேரா, 2021 செப்ரெம்பர் 6ஆம் நாள் மறையும்வரை அதன் முதற்குரலாக விளங்கினார். ஏறத்தாழ அரை நூற்றாண்டு! மேனாட்டு ரொக் இசைக்குரிய கருவிகளைக் கையிலேந்தி, பைலாவின் துள்ளலையும் சிங்களப் பேச்சுவழக்கையும் நகைச்சுவையையும் அவர்கள் ஒன்றிணைத்தனர். அரசியலாரை அஞ்சாது இடித்துரைத்தவர் சுனில். எங்கள் லயங்களிலும் அக்குழுவின் பாடல்கள் ஒலிக்கக் கேட்டிருக்கிறேன்.

பைலாதானும் கலப்பிற் பிறந்த குழந்தையே. ஆடுதலைக் குறிக்கும் போர்த்துக்கேயச் சொல்லே அதன் பெயர்க்கு மூலம். 1505இல் இங்கு வந்திறங்கிய போர்த்துக்கேயரின் பாட்டும், ஆபிரிக்க மக்களின் தாளமும் அதிற் கலந்தன. காவற்றுறையிற் பணியாற்றிய வொலி பஸ்தியன் அதற்குச் சிங்கள வடிவம் தந்தார். ஏ. ஈ. மனோகரனின் 'சுராங்கனி' வழியாக அது தமிழகத்தையும் எட்டியது.

நாம் அமரும் கதிரையும், எழுதும் மேசையும், நூல் அடுக்கும் அலுமாரியும், உண்ணும் பாணும் அதே போர்த்துக்கேயர் தந்த சொற்களல்லவா? வயலினைக் கருநாடக இசைக்கு உரித்தாக்கிய பாலுசுவாமி தீட்சிதரை எவரும் பழிப்பதில்லையே!

எனினும், கலந்தவையெல்லாம் கலையாகா. ஜிப்சீஸ் குழுவினரின் புகழ்பெற்ற பாடலொன்றின் பெயர் 'லுனு தெஹி'. உப்பிட்ட தேசிக்காய் என்பது பொருள். உப்பைக் கொட்டிய அன்றே ஊறுகாய் ஆகிவிடாது; நாட்பட ஊறவேண்டும். ஐம்பது ஆண்டுகள் ஊறியமையே அவர்தம் இசைக்குச் சுவையளித்தது. என் மாணவனின் பாட்டையோ, ஊறுமுன்பே நான் கொட்டிக் கவிழ்த்தேன்.

அவன் இன்று கொழும்பில் ஒரு கடையிற் பணிபுரிகிறான், கிற்றாரை விற்றுவிட்டானாம். தப்படிக்கும் கைகள் தோட்டங்களிற் குறைந்துவரும் காலம் இது. அந்தத் தப்புக்குப் புதிய துணை தேடியவனைத் தூய்மையின் பெயரால் தடுத்த பிழை என்னுடையது. திசைச்சொல்லைக் கற்பிக்கும் ஆசிரிய நண்பர்களே, அடுத்த கலைவிழாவில் இத்தகைய மாணவன் ஒருவன் வந்து நின்றால், முதலில் அவன் பாட்டை முழுதும் கேளுங்கள்.