எழுதின வட்டும் இறக்கின கோப்பும்

ஜவளகிரியில் ஒரு கம்ப்யூட்டர் படுத்துவிட்டால் முன்பெல்லாம் அன்றைய பொழுது அதற்கே போய்விடும். தளி வழியாக ஓசூருக்குப் பஸ் பிடிக்க வேண்டும். அங்கே 'ஓஎஸ் சிடி' அகப்படாவிட்டால் எல்லை தாண்டி பெங்களூர் எஸ்.பி. ரோடு. மார்க்கர் பேனாவில் பெயர் கிறுக்கிய வட்டோடு திரும்பி வரும்போது இருட்டிவிடும். ராகி முற்றும் பருவமென்றால் யானை பயம் வேறு. வீட்டில் போட்டுப் பார்த்தால் பாதியில் நின்றுவிடும். வட்டில் கீறல்! பற்பசை தேய்த்துத் துடைத்துப் பார்த்தவர்களில் நானும் ஒருவன்.

2011 செப்டம்பரில் தமிழக அரசு மாணவர்களுக்கு இலவச மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியது. அவற்றில் விண்டோஸோடு சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. அதை மறுபடி போட நினைத்தவர்களுக்குத்தான் ஐஎஸ்ஓ கோப்பு அறிமுகமானது. நெட் சென்டரில் இறக்கி, சாதாரணப் பாட்டுக் கோப்பைப் போல வட்டில் எழுதிக்கொண்டு வருவார்கள். பூட் ஆகாது. திறந்தால் வட்டுக்குள் ஒரே ஒரு கோப்பு உட்கார்ந்திருக்கும்.

ஐஎஸ்ஓ கோப்பை 'டிஸ்க் இமேஜ்' என்பார்கள்; கோளாறு அந்தப் பெயரில்தான் ஆரம்பம். அது புகைப்படமல்ல. ஒரு வட்டிலுள்ளதை முதல் செக்டாரிலிருந்து கடைசி வரை, பூட் ஆகும் பகுதியையும் சேர்த்து, வரிசை மாறாமல் எடுத்து வைத்த நகல். சிடியில் கோப்புகளை அடுக்க 1988இல் வகுத்த ஐஎஸ்ஓ 9660 தரத்திலிருந்து வந்ததுதான் 'ஐஎஸ்ஓ' என்ற பெயர். நீரோ போன்ற மென்பொருளில் 'பர்ன் இமேஜ்' கொடுத்திருந்தால் ஒவ்வொரு செக்டாரும் அதனதன் இடத்தில் போய் உட்கார்ந்திருக்கும்.

இன்று ஊரிலேயே செல்போன் ஹாட்ஸ்பாட்டில் ஐந்து ஜிபி ஐஎஸ்ஓவை இறக்குகிறார்கள். உள்ளே என்ன இருக்கிறதென்று பார்க்க விண்டோஸ் 8 முதல் இரட்டைக் கிளிக் போதும். சிடி டிரைவ் இல்லாத லேப்டாப்பிலும் புதிதாய் ஒரு டிரைவ் முளைக்கும். பென் டிரைவில் பூட் செய்ய ரூஃபஸ் என்ற மென்பொருள் இருக்கிறது. 2020இல் வந்த வென்டாய் இன்னும் வேடிக்கை: அதை பென் டிரைவில் ஒருமுறை நிறுவிவிட்டால், ஐஎஸ்ஓவைச் சும்மா காப்பி செய்தாலே பூட் ஆகிறது. அன்றைக்கு நாம் செய்த அதே தப்பு இன்றைக்கு முறையாகிவிட்டது!

கீறல் பயம் போனாலும் கோப்பைக் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. 2016 பிப்ரவரியில் லினக்ஸ் மின்ட் தளத்துக்குள் புகுந்தவர்கள், பின்வாசல் வைத்த ஐஎஸ்ஓவுக்கு இணைப்பை மாற்றிவிட்டார்கள். இறக்கிய கோப்பின் எஸ்எச்ஏ-256 எண்ணைத் தயாரித்தவர் வெளியிட்ட எண்ணோடு ஒப்பிட ஒரு நிமிடம் போதும். ஓர் எழுத்து மாறினாலும் அழித்துவிடலாம். தளமே கைமாறியிருந்தால் எண்ணையும் மாற்றியிருப்பார்கள் என்பதால் டிஜிட்டல் கையொப்பத்தையும் பார்ப்பது நல்லது.

பீரோவில் இன்னும் கல்யாண டிவிடி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. எழுதின வட்டின் சாயப்படலம் காலப்போக்கில் மங்கும். டிரைவ் உள்ள கம்ப்யூட்டர் யாரிடமாவது இருக்கும்போதே ஐஎஸ்ஓவாக எடுத்து இரண்டு இடத்தில் வையுங்கள். இளையராஜா பாட்டு ஆடியோ சிடியாக இருந்தால் ஐஎஸ்ஓ உதவாது; அதில் கோப்பு அடுக்கே கிடையாது. அதற்கு 'பின்', 'க்யூ' என்ற ஜோடிக் கோப்புதான் எடுக்க வேண்டும்.